எண்ணெயைத் தொடாதவருக்கும் ஈரலில் கொழுப்பு ஏன்? – வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் கல்லீரல் கொழுப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு வயது 47. போன மாதம் வயிற்று ஸ்கேனில் "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று வந்தது. வீட்டில் எண்ணெய்ப் பலகாரமே செய்வதில்லை, தாளிக்க ஒரு ஸ்பூன்தான். குளிருக்கு நாள் முழுக்க டீ குடிப்பேன், கூடவே இரண்டு வர்க்கி. பிறகு இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஈரலுக்குக் கொழுப்பு மூன்று வழிகளில் வருகிறது. அன்றன்று சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் ஒரு வழி. உடம்பில், முக்கியமாக வயிற்றில், ஏற்கெனவே சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வருவது இரண்டாவது. சர்க்கரையையும் மாவுச்சத்தையும் ஈரலே கொழுப்பாக மாற்றிக்கொள்வது மூன்றாவது. ஃபேட்டி லிவர் உள்ள சிலரிடம் இந்த மூன்றையும் தனித்தனியாக அடையாளமிட்டு அளந்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனால் கவனமாகச் செய்யப்பட்டது. ஈரலில் இருந்த கொழுப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் உடம்பின் சொந்தச் சேமிப்பிலிருந்து வந்தது. 26 சதவீதம் சர்க்கரை, மாவிலிருந்து ஈரலே தயாரித்தது. சாப்பாட்டு எண்ணெயிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம் மட்டுமே. எண்ணெயைக் குறைத்தும் ஸ்கேன் மாறவில்லை என்று பலர் வருத்தப்படுவதற்குக் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் டீயைப் பார்ப்போம். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 10 கிராம் சர்க்கரை. ஐந்து டம்ளருக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ, டீயில் மட்டும். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். குளுக்கோஸை மூளை, தசை என எல்லா உறுப்பும் பங்கு போட்டுக்கொள்ளும். ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் குடலும் ஈரலும்தான் கையாள வேண்டும். குளுக்கோஸ் உடைபடும் பாதையில் "போதும்" என்று தடுக்கும் ஒரு நொதி உண்டு. ஃப்ரக்டோஸ் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அதனால் மிஞ்சியது எளிதில் கொழுப்பு அமிலமாகிவிடுகிறது. வர்க்கி மைதா, சர்க்கரை, வனஸ்பதி மூன்றும் சேர்ந்த பண்டம். எண்ணெயில் பொரிக்கவில்லை என்பதால் அது எண்ணெய் இல்லாத பண்டம் ஆகிவிடாது.

வயிற்றுக் கொழுப்பின் பங்கு இன்னும் பெரியது. சாப்பிட்டதும் இன்சுலின் சுரந்து, கொழுப்புத் திசுவைப் பார்த்து "இப்போது கரைய வேண்டாம்" என்று சொல்லும். ஈரலைப் பார்த்து "வந்த சர்க்கரையைக் கொழுப்பாக்கு" என்று சொல்லும். இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத நிலையில் முதல் கட்டளை திசுவின் காதில் விழுவதில்லை. அதனால் கொழுப்பு அமிலம் இரவும் பகலும் கசிந்து ஈரலுக்கு வருகிறது. அதை ஈடுகட்ட இன்சுலின் அதிகமாகச் சுரப்பதால், இரண்டாவது கட்டளை மட்டும் ஈரலில் உரக்கவே விழுகிறது. வரத்து இரண்டு பக்கமும் கூடுகிறது.

செய்ய வேண்டியது: டீயில் சர்க்கரையை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றுக்கும், இரண்டு வாரம் கழித்து அரைக்கும், பிறகு பூஜ்யத்துக்கும் கொண்டுவாருங்கள். நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாற்றுவதில் பயனில்லை, அவற்றிலும் ஃப்ரக்டோஸ்தான். வர்க்கியை வாரம் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்தை ஒட்டி இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டக்கூடாது. எடை 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். 64 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது நாலரைக் கிலோ. வாரம் அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் கொழுப்பு அமிலம் வெள்ளமாக ஈரலுக்கு வந்து அழற்சி கூடலாம், பித்தப்பைக் கல்லும் வரலாம். வாரம் 150 நிமிடம் மூச்சு சற்று வாங்கும் அளவுக்கு நடை தேவை. உங்கள் ஊரில் அதற்குத் தனியாக மைதானம் தேட வேண்டாம், மேட்டு வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு ஆட்டோ இல்லாமல் போய் வந்தாலே ஆகும்.

கேள்வி: பிளஸ் 2 மாணவர்கள் கேட்கிறார்கள்: எண்ணெய் தண்ணீரில் கலக்காது, பிறகு ரத்தத்தில் எப்படி ஓடுகிறது? ஈரல் செல்லுக்குள் எப்படி நுழைகிறது? உள்ளே என்ன ஆகிறது? படிப்படியாகச் சொல்லுங்கள்.
– ஓர் ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: நல்ல கேள்வி. மாணவர்களுக்கு எங்கள் பாராட்டைச் சொல்லுங்கள். வகுப்பிலேயே தொடங்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். (தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், உங்கள் ஊரில் பாட்டிலை விட்டே வராது.) ஒன்றில் மட்டும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து இரண்டையும் கலக்குங்கள். சோப்பு இல்லாததில் எண்ணெய் உடனே மேலே ஏறிப் படலமாகும். சோப்பு சேர்த்தது பால் போல வெண்மையாக நிற்கும். குடலில் பித்தநீர் செய்வது இந்தச் சோப்பு வேலைதான்.

குடல் செல்கள் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை மறுபடி மூன்று மூன்றாகச் சேர்த்து ட்ரைகிளிசரைடாகக் கட்டி, புரத உறை போட்டு, கைலோமைக்ரான் என்னும் உருண்டைகளாக அனுப்புகின்றன. மாணவர்கள் பலர் தவறவிடும் இடம் இது: இந்த உருண்டைகள் நேராக ஈரலுக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாயில் ஏறி, இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கின்றன. தசையும் கொழுப்புத் திசுவும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் சக்கைதான் ஈரலுக்கு வருகிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் குடலிலிருந்து ஈரலுக்கு வரும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். கொழுப்பு எதிர்த்திசையில் சுற்றி வருகிறது.

கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து வருவது வேறு. அது தனிக் கொழுப்பு அமிலம், அல்புமின் என்னும் புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கிறது. (அந்த அல்புமினைத் தயாரிப்பதும் ஈரல்தான்.) ஈரலின் நுண்குழாய்ச் சுவர் சல்லடை போன்றது, அடிச்சவ்வும் கிடையாது. அதனால் அல்புமின் ஈரல் செல்லின் வாசல்வரை வந்துவிடும். அங்கே அமிலம் அதை விட்டு இறங்கி, கொஞ்சம் சவ்வு வழியாகத் தானே புரண்டும், மீதி எஃப்.ஏ.டி.பி.2, எஃப்.ஏ.டி.பி.5, சி.டி.36 போன்ற கடத்துப் புரதங்கள் மூலமும் உள்ளே போகிறது.

உள்ளே வந்ததும் அதன்மேல் கோஎன்சைம் ஏ (சுருக்கமாக கோஏ) என்ற துணைப்பொருள் மாட்டப்படுகிறது. இதற்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. இரண்டுக்குச் சமமான செலவு. மாட்டிய பிறகு அமிலம் சவ்வைத் தாண்டி வெளியே திரும்ப முடியாது. கதவை உள்ளிருந்து தாழ் போட்டதுபோல. இப்போது முச்சந்தி. செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் எரியலாம், ட்ரைகிளிசரைடாகித் துளியாகச் சேரலாம், அல்லது கொழுப்பை ரத்தத்தில் சுமந்து செல்லும் வி.எல்.டி.எல். துகளில் ஏறி வெளியூர் போகலாம்.

எந்த வழி என்பதை முடிவு செய்வது மலோனைல் கோஏ என்ற சிறு மூலக்கூறு. மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. கொழுப்பு தயாரிக்கும் வேலையின் முதல் படியில் உருவாகும் பொருள் இது. சாப்பிட்ட வேளையில் இது நிறைய இருக்கும், மைட்டோகாண்ட்ரியாவின் வாசற்காவலனான சி.பி.டி.1 நொதியை அது பூட்டிவிடும். ஒரே நேரத்தில் ஒரு கையால் கட்டி மறுகையால் எரிக்கும் வீண்வேலை இதனால் நடப்பதில்லை. பட்டினியில் மலோனைல் கோஏ குறையும், பூட்டுத் திறக்கும், கொழுப்பு அமிலம் கார்னிட்டின் என்ற சுமைதூக்கியின் தோளில் ஏறி உள்ளே போகும்.

உள்ளே இரண்டிரண்டு கார்பனாக வெட்டு விழும். 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலத்துக்கு 7 வெட்டு, 8 துண்டு. எட்டு துண்டுக்கு ஏன் எட்டு வெட்டு இல்லை என்று கேளுங்கள், ஒரு கயிற்றை வெட்டிக் காட்டினால் புரியும். முழுதும் எரிந்தால் நிகர லாபம் 106 ஏ.டி.பி. இரண்டிரண்டாக வெட்டுகிறது என்பதை ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ரான்ஸ் நூப் 1904இல் கண்டுபிடித்த விதம் அழகானது. கொழுப்பு அமிலத்தின் வால் நுனியில், உடம்பு உடைக்க முடியாத பென்சீன் வளையம் ஒன்றை அடையாளமாக ஒட்டி நாய்களுக்குக் கொடுத்தார். சங்கிலியில் கார்பன் ஒற்றைப்படையாக இருந்தால் சிறுநீரில் ஒரு பொருளும், இரட்டைப்படையாக இருந்தால் வேறொரு பொருளும் வந்தன. ஒவ்வொன்றாக வெட்டியிருந்தால் இரண்டிலும் ஒரே மிச்சம்தான் வந்திருக்கும். இந்த வேலை மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது என்று கென்னடியும் லெனிஞ்சரும் காட்டியது 1940களின் கடைசியில்.

பட்டினி நீண்டால் துண்டுகள் குவிந்து கீட்டோன் என்னும் சிறு எரிபொருள் மூலக்கூறுகளாகும். ஈரல் அவற்றைத் தயாரிக்கும், ஆனால் தான் பயன்படுத்தாது, அதற்கான நொதி அதனிடம் இல்லை. அத்தனையும் மூளைக்கும் தசைக்கும் இதயத்துக்கும் போகிறது.

இன்னொன்று. துளியாக நிற்கும் ட்ரைகிளிசரைடு பார்க்கப் பயமாக இருந்தாலும் ஓரளவு பாதுகாப்பான மூட்டை. செல்லைக் காயப்படுத்துவது மூட்டை கட்ட முடியாமல் உதிரியாக அலையும் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள்தான். ஒரே அளவு கொழுப்பு உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் ஈரல் கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் நேராக ஈரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் ஒட்டாது என்கிறார்கள். தினமும் இரண்டு ஸ்பூன் குடிக்கலாமா? பட்டர் ஃப்ரூட்டும் எங்கள் தோட்டத்தில் நிறைய காய்க்கிறது, அதைச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: நேராக ஈரலுக்குப் போவது 8, 10 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலிகள். அவை போர்ட்டல் சிரையிலேயே வந்துவிடும், கார்னிட்டின் உதவியும் வேண்டாம். ஆனால் தேங்காய் எண்ணெயில் அவை ஏழில் ஒரு பங்குதான். பாதியளவு இருக்கும், 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலத்தில் கணிசமான பகுதி மற்ற எண்ணெய்களைப்போலவே சுற்றுவழியில் போகிறது. மருத்துவமனையில் நிணநீர்க் கசிவுக்குக் கொடுக்கும் எம்.சி.டி. எண்ணெய் (இந்தக் குட்டைச் சங்கிலிகளைப் பிரித்துச் செய்தது) வேறு சரக்கு. சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாகச் சேருங்கள், மற்ற எண்ணெய்களோடு சேர்த்து ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்ற கணக்குக்குள். தனியாகக் குடிக்க வேண்டாம்.

பட்டர் ஃப்ரூட்டில் நூறு கிராமுக்கு 15 கிராம் கொழுப்பு, பெரும்பகுதி ஒலிக் அமிலம் என்னும் நிறைவுறாக் கொழுப்பு. ஈரலுக்கு இது நல்ல வகை. பாதிப் பழத்தை உப்பு, மிளகுத்தூள் போட்டுச் சப்பாத்திக்குத் தொட்டுச் சாப்பிடுங்கள். சர்க்கரையும் பாலும் சேர்த்து அடித்த ஜூஸ் என்றால் பழத்தின் நன்மை போய்விடும்.

கேள்வி: குளிருக்காக என் கணவர் தினமும் இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார். உடம்பு சூடாகும் என்கிறார். சாப்பாடு குறைவுதான், ஆனால் ஈரல் வீங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம் (ஆல்கஹால்) என்றால் சுமார் 61 கிராம். வாரத்துக்கு 427 கிராம். ஆண்களுக்கு வாரம் 420 கிராமைத் தாண்டினால் அதை மதுவால் வந்த ஈரல் நோய் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

கொழுப்பு அமிலத்தை எரிக்க என்.ஏ.டி. என்ற துணைப்பொருள் வேண்டும். சாராயத்தை உடைக்கும் இரண்டு படியிலும் அதே என்.ஏ.டி. செலவாகிறது. சாராயத்தை உடம்பு சேமித்து வைக்க முடியாது, விஷம் என்பதால் அதற்குத்தான் முதல் வரிசை. அதனால் கொழுப்பு எரியாமல் ஈரலிலேயே தேங்குகிறது. சாப்பாடு குறைவாக இருந்தாலும் இது நடக்கும்.

சூடு என்று தோன்றுவது தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால். உள்ளே இருக்கும் சூடு வெளியேறி உடம்பு உண்மையில் குளிர்கிறது. வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்த நிலையாக இருந்தால், முழுதாக நிறுத்திச் சில வாரங்களிலேயே ஈரல் தேறிவிடும். ஆனால் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது. கை நடுக்கம், குழப்பம், வலிப்புவரை போகலாம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கேள்வி: என் மாமியார் கொழுந்து எடுக்கப் போகிறவர், எடை 44 கிலோதான். அவருக்கும் ஃபேட்டி லிவர் என்கிறார்கள். மெலிந்தவருக்கு எப்படி?
– ஒரு வாசகி, பந்தலூர்

பதில்: வரத்து கூடாவிட்டாலும் அனுப்புவது நின்றால் சரக்கு தேங்கத்தானே செய்யும். ஈரல் கொழுப்பை வெளியே அனுப்ப வி.எல்.டி.எல். துகள் வேண்டும். அதற்கு அபோ பி என்ற புரதமும், கோலின் என்ற சத்து சேர்ந்த பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்பு வகையும் வேண்டும். கணையம் எடுக்கப்பட்டு இன்சுலினால் உயிர் பிழைத்த நாய்களின் ஈரலில் கொழுப்பு நிறைந்ததைக் கண்டு, அதைத் தடுப்பது லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிடில் உள்ள கோலின் என்று, இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கு கொண்ட சார்லஸ் பெஸ்ட்டின் குழு 1932இல் காட்டியது.

மூன்று வேளையும் சோறும் ரசமுமாகப் போனால் புரதம் போதாது. 44 கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 44 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கைப்பிடி பருப்பில் 7, முப்பது கிராம் நிலக்கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6, மீதி சோற்றிலும் அவரையிலும் வந்துவிடும். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. பெண்களுக்கு நாளுக்கு 425 மில்லிகிராம் தேவை. மஞ்சள் கருவை எடுத்துப் போட வேண்டாம்.

கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருந்தால் முதல் கேள்விக்குச் சொன்னதே இவருக்கும் பொருந்தும். சுகர், தைராய்டு, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனைகளைக் கேட்டு எடுங்கள். ஸ்டீராய்டு, டாமோக்சிஃபென், மெத்தோட்ரெக்சேட், வால்ப்ரோயேட் மாத்திரைகள் சாப்பிடுகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: வயது 52. எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2.1 லட்சம். ஸ்கேனில் கிரேடு 2. எவ்வளவு பயப்பட வேண்டும்?
– ஒரு வாசகர், உதகை

பதில்: எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஈரல் செல் அடிபட்டால் ரத்தத்தில் கூடும் நொதிகள். கிரேடு என்பது கொழுப்பின் அளவு. பயப்பட வேண்டியது தழும்புக்கு. அதைக் கணிக்க ஃபிப்-4 என்ற கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 52 × 48 = 2496. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எழுதி (210), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் (64க்கு 8) பெருக்குங்கள்: 1680. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.49. 1.3க்குக் கீழே என்றால் தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேலே என்றால் நிபுணரை உடனே பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில். ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள், நான்கு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, 1.3 என்ற கீழ் எல்லைக்குப் பதிலாக 2 என்று வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்றாலும் தழும்பு இருக்கலாம், அந்த ஒரு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். ஒருவேளைச் சாப்பாடுதான். சுகருக்கு டபாக்ளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். நடந்தால் ஈரல் கொழுப்பு கரையுமே, பிரச்சினை உண்டா?
– ஒரு வாசகர், பண்ணைக்காடு

பதில்: உண்டு, தயவுசெய்து கவனியுங்கள். நீண்ட நடையில் கொழுப்பு அமிலம் நன்றாக எரியும், அது நல்லதே. ஆனால் இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி இன்சுலினையும் குறைக்கிறது. அதோடு பட்டினியும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்தால் ஈரல் கீட்டோனை அளவுக்கு மீறித் தயாரித்து ரத்தம் அமிலமாகலாம். சுகர் எண் 180, 200 என்று சாதாரணமாகத் தெரியும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு வந்தால் நடையை நிறுத்தி மருத்துவமனைக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். விரதத்துக்கு முன்பே மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பஞ்சாமிர்தம் பிரசாதமாக ஒரு ஸ்பூன் போதும். வாழைப்பழம், வெல்லம், தேன், பேரீச்சை எல்லாம் சேர்ந்தது, டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிடும் பொருள் அல்ல.

கேள்வி: கீழாநெல்லி, சீந்தில் சாறு குடித்தால் கொழுப்பு கரையுமா?
– ஒரு வாசகர், குன்னூர்

பதில்: கீழாநெல்லி ஈரல் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. சீந்திலை நாள்கணக்கில் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்தது இந்தியாவிலேயே பதிவாகியிருக்கிறது. ஏற்கெனவே ஈரல் பழுதானவர் அதைத் தொட வேண்டாம். சர்க்கரை சேர்க்காத காப்பி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. உங்களுக்குப் பழக்கம் இருந்தால் நாளுக்கு இரண்டு மூன்று கப் குடிக்கலாம்.

கேள்வி: பர்லியார் வழியாக வந்தபோது லிச்சி வாங்கினோம். குழந்தைகளுக்கு ஆகாது என்று ஒருவர் பயமுறுத்தினார்.
– ஒரு வாசகி, வெலிங்டன்

பதில்: பீகாரின் முசாஃபர்பூரில் லிச்சிப் பருவத்தில் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்தார்கள். 2014இல் நடந்த விசாரணையில் காரணம் தெளிவானது. லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற பொருளும் அதன் இனப்பொருளும் ஈரலில் கொழுப்பு அமிலம் எரிவதைத் தடுக்கின்றன. இரவுச் சாப்பாடு இல்லாத மெலிந்த குழந்தைக்கு ஈரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு விடிவதற்குள் தீர்ந்துவிடும். அப்போது கை கொடுக்க வேண்டிய கொழுப்பும் எரியாமல் போக, ரத்தச் சர்க்கரை விழுந்துவிடுகிறது. நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு நாலைந்து பழுத்த பழம் கெடுதல் செய்யாது. காயாக இருப்பதைக் கொடுக்காதீர்கள், வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பழம் சாப்பிட்ட அன்று இரவு குழந்தை "பசிக்கல" என்றாலும் கொஞ்சம் பருப்புச் சோறு ஊட்டிவிட்டுத் தூங்க வையுங்கள்.